சூழ்ச்சிக்காரர்

“தம்பி பாக்கத்தான் அமைதி. ஆனா பெரிய சூழ்ச்சிக்காரரு.”

எங்கள் தாமான் கோயில் கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து இப்படிச் சொன்னார். மழை பெய்தால் மண்டபத்துக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. வடிகாலை மாற்ற ஒரு வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. முதலில் அகராதியைப் புரட்டினேன், அப்புறம் குறளை.

சூழ்தல் என்றால் சுற்றி வருதல். சூழல், சூழ்நிலை எல்லாம் அதே வேரிலிருந்து வந்தவைதான். ஒரு விஷயத்தை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்து யோசிப்பதும் சூழ்தல்தான். 671ஆம் குறளில் சூழ்ச்சி என்பது சதி இல்லை. துணிந்து முடிவெடுப்பதற்கு முன் செய்யும் ஆலோசனை. 445ஆம் குறளில் சூழ்வார் என்பவர்கள் அரசனுக்குக் கண் போன்றவர்கள். பரிமேலழகர் அவர்களை அமைச்சர் என்கிறார். அப்படிப் பார்த்தால் பெரியவர் எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்!

பிறருக்குக் கெடுதல் நினைக்காதே என்று சொல்லும் 204ஆம் குறளிலும் இதே வினைச்சொல்தான் வருகிறது. ஆனால் அங்கே ‘கேடு’ என்று தனியாகச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று அது தேவையில்லை. கேடு அந்தச் சொல்லுக்குள்ளேயே குடியேறிவிட்டது.

தந்திரத்துக்கும் இதே கதிதான். திருமூலரின் திருமந்திரத்தில் ஒன்பது தந்திரங்கள் உண்டு. அங்கே அது நூலின் பகுதி. இன்று ஒருவனைத் தந்திரக்காரன் என்றால் நம் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். மலாய் மொழியில் ‘டாலாங்’ என்பவர் வாயாங் கூலிட்டில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாவைகளை ஆட்டும் கலைஞர். சதிக்கு மூளையாக இருப்பவனுக்கும் அதே பெயர்தான்.

எனக்குப் பிடி கிடைத்தது இந்தத் திரையில்தான். யோசிப்பது தப்பில்லை. ஆனால் சிலர் மட்டும் சுற்றி உட்கார்ந்து யோசிக்கும்போது, வட்டத்துக்கு வெளியே நிற்பவருக்கு முதுகுகள்தான் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு ஆலோசனை, அவருக்குச் சூழ்ச்சி. சொல் கெட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஒன்றை மறைத்துவிட்டேன். கூட்டத்துக்கு முன்பே நான்கு பேருக்கு வாட்ஸ்அப்பில் வரைபடத்தை அனுப்பிச் சம்மதம் வாங்கியிருந்தேன். பெரியவருக்கு அனுப்பவில்லை. பழைய வடிகாலுக்குச் சிமெண்ட் குழைத்தவர்களில் அவரும் ஒருவர் என்று பிறகுதான் அம்மா சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“மேட்டுப் பக்கத்துலேருந்து வர்ற தண்ணிய கணக்குல எடுக்கலையே, தம்பி?”

எடுக்கவில்லைதான். இருவரும் உட்கார்ந்து திரும்பவும் சூழ்ந்தோம்.