தவறணை இல்லாத ஊரும் சாராய வரியும்

எமது வகுப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் அரசிறை வருவாயைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். உப்பு, நெல்வரி, சாராயக் குத்தகை என்று கரும்பலகையில் எழுதிய வேளையில், பின்வரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்தான். "சேர், எங்கட ஊரில தவறணையே இல்லையே, இந்தப் பாடம் எங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி நம்மைத் தொடர்ந்து வந்தது.

அவன் சொன்னதில் பிழையில்லை. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை நீளும் இக்கரையோரத்து முஸ்லிம் குடியிருப்புகளில் தவறணையின் பெயர்ப்பலகையைக் காண்பது அரிது. மார்க்கம் விலக்கியதை ஊரும் விலக்கியிருக்கிறது. அதில் பெருமை கொள்வதற்கு இடமுண்டு. ஆனால், தவறணை இல்லாத ஊர் தவறணையின் சரித்திரத்துக்கு வெளியே நிற்கிறதா? இதுவே நாம் ஆராய வேண்டிய வினா.

ஒல்லாந்தர் காலத்தில் வேரூன்றி, ஆங்கிலேயர் காலத்தில் செழித்தது சாராயக் குத்தகை முறை. ஒரு மாவட்டத்தில் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசாங்கம் ஏலத்தில் கூறும். உயர்ந்த தொகை கேட்டவன் குத்தகைக்காரன். மேற்குக் கரையில், குறிப்பாகக் களுத்துறைப் பகுதியில், தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயத்தை அவன் மலிவாக வாங்குவான். தவறணைகளைத் துணைக்குத்தகைக்கு விடுவான். அவற்றின் வாயிலாகச் சில்லறையாக விற்பான். அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய தொகையை எடுத்த பின்னரே அவனுக்கு இலாபம். ஆகவே தண்ணீர் கலப்பதும், அளவிற் குறைப்பதும், கடன் கொடுத்துக் குடிகாரனைக் கட்டிவைப்பதும் அத்தொழிலின் கூடப்பிறந்த குணங்களாயின. கோப்பையின் விலையை நிர்ணயித்தது சாராயத்தின் அடக்கச் செலவன்று. ஏலத்தில் விழுந்த தொகையே என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இக்குத்தகையிலிருந்து ஒரு வர்க்கமே பிறந்தது. வரலாற்றறிஞர் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இலங்கை முதலாளி வர்க்கத்தின் முதற் செல்வம் எங்கிருந்து திரண்டது என்பதை ஆராய்ந்து, சாராயக் குத்தகைக்கு அதில் முதன்மையான இடமுண்டு என நிறுவினார். மொறட்டுவை ஜெரோனிஸ் டி சொய்சா சாராயக் குத்தகையிற் பொருள் ஈட்டிப் பின்னர் கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளரானவர். அத்தகைய குடும்பங்கள் பல. மலைநாட்டுத் தோட்டத்தில் வியர்வை சிந்திய தமிழகத்துக் கூலியாளின் ஊதியத்தில் ஒரு பங்கு தவறணை வழியே குத்தகைக்காரனிடம் போனது. அங்கிருந்து புதிய தோட்டங்களுக்கு முதலாகியது. அத்தோட்டங்களோ மேலும் கூலிகளை அழைத்தன.

நமது வயல்வெளியும் இக்கணக்கின் ஓர் ஓரத்தில் இருந்தது. நெல்வரியும் குத்தகைக்கு விடப்பட்டதுண்டு. நெடுங்காலக் கண்டனங்களின் பின்னர் அவ்வரி 1892ஆம் ஆண்டோடு ஒழிந்தது. உழவன் மீதிருந்த வரி போனது. குடிப்பவன் மீதிருந்த வரி நிலைத்தது. நெல்வரியைக் கொடுமையென்று சொல்ல ஆளிருந்தது. சாராய வரியைக் கொடுமையென்று யார் சொல்வது? குடிப்பவன் தன் விருப்பத்தாற் கொடுக்கிறான் என்ற ஒரு வாசகமே அரசாங்கத்துக்குப் போதியதாயிருந்தது.

இனிப் பியரின் கதை. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவுக்கு ஆங்கிலக் குடியேற்றக்காரர்களை அழைத்துவந்த சாமுவெல் பேக்கர் அங்கே பியர் வடிக்கவும் முயன்றார். 1880களில் அக்குளிர்ந்த மலையில் வடிசாலைத் தொழில் வேரூன்றியது. பியர் துரைமாரின் பானம், கிளப்பின் பானம். கள்ளும் சாராயமும் உழைப்பவனின் பானம். சட்டமும் இவ்வேற்றுமையை எழுதிவைத்தது. கள்ளும் சாராயமும் நாட்டு மது. பியரும் விஸ்கியும் வெளிநாட்டு மது. இன்று பியர் கொழும்பையடுத்த பியகமவில் வடிக்கப்படுகிறது. எனினும் அதை விற்கும் கடை பெறும் அனுமதிப்பத்திரத்தின் பெயர் இன்னமும் 'எஃப்.எல்.', அதாவது வெளிநாட்டு மது என்பதே. துரை போய்விட்டார், அவர் எழுதிய படிவம் போகவில்லை.

விலையை ஒப்பிடுவதற்கு ஓர் எளிய கணக்கைச் செய்து பார்ப்போம். நூற்றுக்கு 5 வீதம் மதுசாரமுள்ள 325 மில்லிலீற்றர் பியர்ப் போத்தலில் இருப்பது ஏறத்தாழ 16 மில்லிலீற்றர் மதுசாரம். நூற்றுக்கு 33 வீதத்தையொட்டிய 750 மில்லிலீற்றர் சாராயப் போத்தலில் இருப்பதோ ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். ஒரு சாராயப் போத்தல் பதினைந்து சிறிய பியர்ப் போத்தல்களுக்குச் சமம். அன்றாடங் காய்ச்சி ஏன் பியரை நாடுவதில்லை என்பதற்கு இக்கணக்கே விடை. அவன் வாங்குவது சுவையையன்று. களைப்பை மறக்கும் சில மணி நேரத்தை. பியர் உற்பத்தியாளரும் இதை அறிவர். நூற்றுக்கு 8 வீதத்துக்கு மேற்பட்ட கடும் பியர் சந்தையில் நிறைந்திருப்பது அதனாலேயே.

குத்தகை முறைக்கு முடிவு கட்டியது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம். மறு ஆண்டில் மதுவரித் திணைக்களம் தோன்றியது. கள்ளுத் தவறணையைச் சாராயத் தவறணையிலிருந்து பிரித்த அத்திட்டம், நாடெங்கும் புதிய கள்ளுத் தவறணைகளுக்கு வழி திறந்தது. அதை எதிர்த்து மதுவொழிப்பு இயக்கம் பொங்கியெழுந்தது. கிராமந்தோறும் கூட்டங்கள் நடந்தன. பிற்காலத்தில் நாட்டின் தலைமைக்கு வந்தோர் பலர் அம்மேடைகளிலேயே அரசியல் பயின்றனர்.

ஆயின் இவ்வியக்கத்தின் உள்ளே இரண்டு முரண்பாடுகள் கிடந்தன. முதலாவது, சாராயத்தாற் செல்வம் சேர்த்தோரும் மதுவை எதிர்த்து முழங்கினர். காரீயச் சுரங்கத்தோடு சாராயக் குத்தகையிலும் பொருளீட்டிய டொன் ஸ்பேட்டர் சேனநாயக்க மதுவொழிப்பின் தலைவர்களுள் ஒருவர். அவருடைய மைந்தர்களான எஃப்.ஆர். சேனநாயக்கவும் டி.எஸ். சேனநாயக்கவும் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றனர். இதைக் கபடமென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஒரு வர்க்கம் தனது பிறப்பை மறைத்து மரியாதை தேடும் வழிகளில் இதுவும் ஒன்று எனக் கொள்வதே வரலாற்று நோக்கு.

இரண்டாவது முரண்பாடு நமக்கு நெருக்கமானது. மதுவைத் தொடாத சமூகமாகிய முஸ்லிம்கள் இவ்வியக்கத்தின் இயல்பான தோழராயிருந்திருக்க வேண்டும். ஆனால் இயக்கம் மதமறுமலர்ச்சியின் நிறத்தைப் பூண்டது. அந்நியன் என்ற சொல் வெள்ளையனோடு நிற்கவில்லை. 1915ஆம் ஆண்டு மே மாதத்திற் கண்டியில் தொடங்கி மேற்குக் கரைவரை பரவிய கலவரத்தில் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து, மதுவொழிப்புத் தலைவர்களைச் சிறையிலிட்டது. தவறணையை எதிர்த்து ஒன்றுபட்டிருக்க வேண்டிய இரு சாராரிடையே ஏற்பட்ட பிளவினால் நன்மையடைந்தவர் எவர் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

பின்னர் வந்த ஆண்டுகளில், ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றது. 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் உட்படப் பல ஊர்களில் மதுவிலக்கையும் வலியுறுத்தினார். வாக்கெடுப்பினால் மூடப்பட்ட தவறணைகள் பல. வாக்குச் சீட்டு தவறணையின் கதவைச் சாத்தியது. ஆனால் திறைசேரியின் கதவு திறந்தே கிடந்தது.

சுதந்திரத்தின் பின்னரும் கைகள் மாறினவேயன்றிக் கணக்கு மாறவில்லை. 1974இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் உருவானது. 1992இல் அது தனியார் கைக்குப் போனது. குத்தகைக்காரன், அரசு, கம்பனி என உருவங்கள் மூன்று; வரி ஒன்று. 2017 நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர மதுசாரத்தின் அளவுக்கேற்ப வரி விதிக்கும் முறையைக் கொணர்ந்தபோது பியரின் விலை இறங்கியது. கடுஞ் சாராயத்திலிருந்தும் கசிப்பிலிருந்தும் மக்களை மென்மையான பானத்துக்குத் திருப்புவதே நோக்கமென்றார். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு காற்று எதிர்த்திசையில் வீசியது. 2023 ஜனவரியில் மதுவரி 20 வீதம் உயர்ந்தது. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் மீண்டும் உயர்ந்தது. 2025 ஜனவரியில் மேலும் 6 வீதம் கூடியது. 2024ஆம் ஆண்டில் மதுவரித் திணைக்களம் திரட்டிய தொகை இருபதினாயிரம் கோடி ரூபாவுக்கு மேல்.

விலையேற்றம் குடியைக் குறைக்கும் என்பது சுகாதார அறிஞரின் கருத்து. அது பொய்யன்று. ஆனால் அடிமைப்பட்டவன் விலை ஏறும்போது குடியை விடுவதற்கு முன் வீட்டுச் செலவைக் குறைக்கிறான். அதுவும் போதாதபோது கசிப்புக்கு இறங்குகிறான். ஆகவே வரியின் சுமை கோப்பையைத் தொடாத மனைவியின் அடுப்பிலும், பிள்ளையின் கொப்பியிலும் விழுகிறது. அந்த மனைவி கடையில் மது வாங்குவதை 1979இன் மதுவரி அறிவித்தல் தடைசெய்தது. 2018 ஜனவரியில் அத்தடையை நிதி அமைச்சர் நீக்கியபோது, சில நாட்களிலேயே ஜனாதிபதியின் பணிப்பின் பேரில் அது மீண்டும் விதிக்கப்பட்டது. மது வாங்க அவளுக்கு உரிமையில்லை; மதுவரியைச் சுமக்க மாத்திரம் உரிமையுண்டு.

இனி நமது கரைக்கு வருவோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நெல்லோடு கரும்பையும் கொணர்ந்தது. அம்பாறை மாவட்டத்து ஹிங்குராணையில் சீனி ஆலை எழுந்தது. சீனி வடித்த பின் எஞ்சும் கரும்புப்பாகுக் கழிவிலிருந்து மதுசாரம் வடிக்கலாம். 2020 ஜனவரியில் எதனோல் இறக்குமதி தடை செய்யப்பட்டபின் உள்ளூர்ச் சீனி ஆலைகளின் மதுசாரத்துக்குக் கிராக்கி கூடியது. மதுக்கடை இல்லாத ஊர்களின் முதுகுப்புறத்தில், அதே மாவட்டத்துக் கரும்பு வயல், மதுத் தொழிலின் மூலப்பொருளை விளைவித்துக்கொண்டிருக்கிறது. தெற்கே பொத்துவிலை அடுத்த அறுகம்பையில், அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டாருக்காகப் பியர் குளிரூட்டப்படுகிறது.

நம்மவருள் குடிப்போர் இல்லையா? உண்டு. கரைவலை இழுத்துக் களைத்தவனும், அறுவடைக் கூலியைக் கையில் வாங்கியவனும், கொழும்பிற் கடை நடத்தி மீள்பவனும் அவருள் அடங்குவர். அவர்கள் இருட்டிய பின் அயலூர்க் கடைக்குப் போய் வருகின்றனர். அக்கடைக்கு முன்னால் நிகழும் சச்சரவையும், சிதறிக் கிடக்கும் போத்தற் துண்டுகளையும் அயலூர்த் தமிழ்த் தாயோ சிங்களத் தாயோ சகித்துக்கொள்கிறாள். நமது வீதி சுத்தமாயிருக்கிறது என்று சொல்லும்போது, குப்பை எவருடைய வீதியிற் கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? 2024ஆம் ஆண்டில் மாத்திரம் நாட்டில் 360க்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டதாக அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளிப்படுத்தப்பட்டது. கிழக்கு மாகாணமும் அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. அனுமதிப்பத்திரம் அரசியற் சலுகையாகியதென்ற குற்றச்சாட்டைக் கேட்டபோது, பழைய ஏலக் கூடத்தின் நினைவே நமக்கு வந்தது. அன்று உரிமையைப் பகிரங்கமாக ஏலமிட்டனர் என்பதே வேறுபாடு.

உலகத்தின் அனுபவமும் இதையே போதிக்கிறது. 1894இல் ரஷ்யாவின் நிதி அமைச்சர் விட்டே வொட்கா விற்பனையை அரச ஏகபோகமாக்கத் தொடங்கினார். 1914க்கு முன்னர் ஜார் அரசின் வருவாயில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அதிலிருந்தே வந்தது. போரின்போது அதை மூடியவுடன் திறைசேரி தள்ளாடியது. புரட்சிக்குப் பின் எழுந்த சோவியத் அரசும் 1925இல் வொட்காவை மீண்டும் விற்கத் தலைப்பட்டது. பணத் தேவை கொள்கையை வென்றது என்பதை இடதுசாரிகளாகிய நாம் ஒளிக்கத் தேவையில்லை. சென்னை மாகாணத்தில் 1937இல் சேலத்திலிருந்து மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைக் கொணர்ந்தார். அவருடைய அரசியலோடு நாம் உடன்படாதிருக்கலாம். ஆயினும் தவறணையை மூடுபவன் வேறொரு வருவாயைக் காட்ட வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1971இல் அதே மதுவிலக்கு அங்கே தளர்த்தப்பட்டது. 2003 முதல் தமிழ்நாட்டு அரசே டாஸ்மாக் மூலம் சில்லறை மதுக்கடை நடத்துகிறது.

ஆதலால் மதுவொழிப்பு என்பது தவறணையின் கதவோடு முடியும் போராட்டமன்று. வரவு செலவுத் திட்டத்தினுள் நுழைய வேண்டிய போராட்டம். பெருஞ் செல்வத்தின் மீதும் பெரு நிலத்தின் மீதும் விதிக்காத வரியை, களைத்தவனின் கோப்பையிலிருந்து எடுக்கும் வரையில் எந்த அரசாங்கமும் தவறணையை மெய்யாக மூடாது. ஓரூரில் மூடினால் அடுத்த ஊரில் திறக்கும்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனுக்கு விடை சொன்னோம். "தம்பி, உன் மேசை, உன் இலவசப் பாடநூல், எனது சம்பளம் ஆகிய மூன்றும் திறைசேரியிலிருந்து வருகின்றன. திறைசேரியில் விழும் காசுகளில் சாராய வாடை வீசும் காசும் கலந்திருக்கிறது. இந்தப் பாடம் எங்களுக்குத்தான்" என்றோம்.

அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்ப அந்தக் காச வேற எங்கயிருந்து எடுக்கலாம் சேர்?" என்று கேட்டான். வகுப்பு இம்முறை சிரிக்கவில்லை. மணியடித்த பின்னரும் சிலர் மேசையைச் சுற்றி நின்றனர்.