விளக்கெண்ணெய் குடிச்ச விமானம்

ரிமோட்ல பறக்கும் குட்டி விமானத்துக்கு எஞ்சின்னா எல்லாரும் குளோ பிளக் வகையைத்தான் சொல்வாங்க. 1947-ல் அமெரிக்காவில் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளக் அது. அதுக்கு மெத்தனால் வேணும், சூடேத்த பேட்டரி வேணும்.

என் ஓட்டு அதுக்கு முந்தைய டீசலுக்கே. 1946-ல் இங்கிலாந்தில் மில்ஸ் 1.3 வந்துச்சு, பின்னாளில் அதோட நகல்கள் இந்தியாவிலேயே தயாராச்சு. பேருதான் டீசல், குடிக்கிறது மண்ணெண்ணெய், ஈதர், விளக்கெண்ணெய். அழுத்தத்தின் சூட்டிலேயே ஈதர் பத்திக்கும்.

டியூனிங்குக்கு ஒரு ஊசி, தலையில் ஒரு திருகு. திணறினா திருகைத் தளர்த்தணும். விட்டுவிட்டு வெடிச்சா இறுக்கணும். காதுதான் மீட்டர்.

எங்க திருப்பாச்சூர் மாதிரி ஊர்ல மெத்தனாலுக்கு எங்க போறது? விளக்கெண்ணெய் மளிகைக்கடையிலேயே கிடைக்குமே! எஞ்சினைத் தேர்ந்தெடுக்கிறது குதிரைசக்தி மட்டுமில்லீங்க, பக்கத்துக் கடையும்தான்.