புனிதர் கினெஃபோர் - ஒரு நாயின் கதை

கத்தோலிக்கப் புனிதர்களில் துறவிகள் உண்டு, அரசர்கள் உண்டு, போர்வீரர்கள் உண்டு. நாய் உண்டா? ரோமில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் பிரான்ஸில், லியோன் நகரத்துக்கு வடக்கே இருந்த கிராமத்துப் பெண்களை 13ஆம் நூற்றாண்டில் கேட்டிருந்தால் 'உண்டு' என்று சொல்லி, பெயரையும் சொல்லியிருப்பார்கள்: புனிதர் கினெஃபோர்.

குளங்களின் நாடு

அந்தப் பகுதியின் பெயர் தோம்ப். லியோனிலிருந்து காலையில் கிளம்பினால் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். இன்றும் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை மனிதர்கள் வெட்டியவை. இறைச்சி சாப்பிடக் கூடாத விரத நாட்கள் கிறிஸ்தவர்களுக்கு நிறைய இருந்ததால் மீனுக்கு நல்ல கிராக்கி. சில வருடம் தண்ணீர் நிறுத்தி மீன் வளர்ப்பார்கள். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு அதே நிலத்தில் ஒரு வருடம் பயிர் வைப்பார்கள். நிலப்பிரபுக்களுக்கு நல்ல வருமானம். கரையில் குடியிருந்தவர்களுக்குக் கிடைத்தது காய்ச்சல். 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் தோம்ப் காய்ச்சலுக்குப் பேர் போன இடம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கதைக்கு வருவோம்.

தொட்டிலும் பாம்பும்

எத்தியேன் த பூர்போன் ஒரு தோமினிக்கன் சபைத் துறவி. மத விசாரணை அதிகாரியும் கூட. 1261 வாக்கில் இறந்தார். தோம்ப் பகுதியில் பிரசங்கம் செய்துகொண்டு பாவமன்னிப்பு கேட்டபோது, பல பெண்கள் தங்கள் குழந்தைகளைப் புனிதர் கினெஃபோரிடம் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். யாரோ ஒரு புனிதர் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். விசாரித்தால்... அது ஒரு வேட்டை நாய்!

அவர் எழுதி வைத்த கதை இது. வில்லார் பிரபுவின் நிலத்தில் ஒரு கோட்டை. அதன் தலைவனும் மனைவியும் வெளியே போயிருந்தார்கள், தாதியும் இல்லை. தொட்டிலில் குழந்தை தனியாகக் கிடந்தது. பெரிய பாம்பு ஒன்று உள்ளே வந்தது. நாய் அதோடு போராடிக் கொன்று தூர வீசியது. திரும்பி வந்த தாதி கண்டதெல்லாம் ரத்தம் படிந்த தொட்டிலும் நாயின் வாயும்தான். அவள் அலறினாள், தாய் அலறினாள், தலைவன் வாளை உருவி நாயை வெட்டினான். அப்புறம்தான் குழந்தை நிம்மதியாகத் தூங்குவதையும் பாம்பு செத்துக் கிடப்பதையும் பார்த்தார்கள். நாயைக் கோட்டை வாசலில் இருந்த கிணற்றில் போட்டு, மேலே கற்களைக் குவித்து, சுற்றி மரம் நட்டார்கள். காலப்போக்கில் கோட்டை பாழடைந்தது. குற்றமில்லாமல் செத்த நாயை மக்கள் மறக்கவில்லை. குழந்தைகளைக் காக்கும் புனிதராக்கிக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

தாய்மார்கள் செய்தது

இதை வெறும் அழகான கதையாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அங்கே நடந்த சடங்கு பயங்கரமானது. நோஞ்சான் குழந்தை தன் குழந்தையே இல்லை, காட்டுத் தேவதைகள் மாற்றி வைத்துவிட்டுப் போனது என்று ஒரு நம்பிக்கை. ஒரு கிழவியின் உதவியோடு தாய் உப்பைக் காணிக்கை வைத்து, குழந்தையின் துணியைப் புதரில் தொங்கவிடுவாள். இரண்டு மரங்களுக்கு நடுவே குழந்தையை ஒன்பது முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். பிறகு மரத்தடியில் வைக்கோலில் கிடத்தி, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அவை எரிந்து தீரும் வரை அழுகை கேட்காத தூரத்துக்குப் போய்விடுவார்கள். தீப்பிடித்து இறந்த குழந்தைகளும் உண்டு என்கிறார் எத்தியேன். உயிரோடு இருந்தால் ஷலாரோன் ஆற்றில் ஒன்பது முறை முக்குவார்கள்.

ஒரு பெண் அவரிடம் சொன்னதாம்: குழந்தையை விட்டுவிட்டு நகர்ந்தபோது காட்டிலிருந்து ஓநாய் ஒன்று குழந்தையை நோக்கி வந்தது, பெற்ற மனம் தாங்காமல் ஓடிப்போய்த் தடுத்தாள். தேவதை மாற்றி வைத்த குழந்தை என்று நம்பி வந்தவள்தான். ஆனாலும் ஓடினாள்.

தண்டனை

எத்தியேன் நாயின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, மரங்களை வெட்டி, எல்லாவற்றையும் சேர்த்து எரிக்கச் செய்தார். இனி அங்கே போகிறவர்களின் சொத்து பறிமுதல் என்று பிரபுக்களை ஆணை போட வைத்தார். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்.

முடியவில்லை. 1879இல் வெசியேர் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியபோது, சாந்த்ரான் கிராமத்துக்குப் பக்கத்தில் அந்தக் காடு அதே பெயரோடு இருந்தது, நோயுற்ற குழந்தைகளுக்காக மக்கள் அங்கே போய்க்கொண்டும் இருந்தார்கள். அறுநூறு வருடம்! ஜான் குளோத் ஷ்மித் என்ற வரலாற்றாசிரியர் 1979இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

நமக்குத் தெரிந்த கதை

இவ்வளவு நேரம் 'இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே' என்று தோன்றியிருக்கும். நாய்க்குப் பதில் கீரிப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் வரும் கதை. சிலப்பதிகாரத்திலும் உண்டு. அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்ற பாவத்தால் கணவன் பிரிந்துபோன ஒரு பார்ப்பனப் பெண்ணுக்குப் பரிகாரத்துக்குப் பொருள் கொடுத்துக் கோவலன் உதவியதாக மாடலன் சொல்கிறான். பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும், 8ஆம் நூற்றாண்டில் அரபிக்கும், பிறகு லத்தீனுக்கும் போனது. ஐரோப்பாவில் பரவிய ஏழு ஞானிகள் கதைத் தொகுப்பில் கீரியின் இடத்தை நாய் பிடித்துக்கொண்டது. வேல்ஸில் கெலர்ட் என்ற நாயின் கதையும் இதுவேதான்.

எல்லா இடத்திலும் இது 'ஆராயாமல் செய்யாதே' என்ற நீதிக்கதை. தோம்பில் மட்டும் மருந்தும் மருத்துவரும் இல்லாத ஏழைத் தாய்மார்கள் அதில் வேறு ஒன்றைக் கண்டார்கள். குழந்தையைக் காப்பாற்ற உயிரையே கொடுத்த ஒன்று தங்கள் குழந்தையையும் காப்பாற்றாதா என்று நினைத்தார்கள். எலும்பை எரித்தவர் அந்தப் பயத்துக்கு மாற்று மருந்து எதையும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. குளங்கள் பல வற்றவைக்கப்பட்டு, ரயிலும் மருத்துவமும் வந்த பிறகுதான், 20ஆம் நூற்றாண்டில், அந்த வழக்கம் மெல்ல மறைந்தது.

இன்று சாந்த்ரானுக்குப் போகிறவர்கள் பார்ப்பது ஒரு சாதாரணக் காட்டைத்தான். கோட்டையும் இல்லை, கிணறும் இல்லை. நாயின் பெயர் மட்டும் இருக்கிறது. அதை வெட்டிய தலைவனின் பெயரை எத்தியேன் கூட எழுதி வைக்கவில்லை.