நீச்சல் தெரியாமல் ஸ்கூபா டைவிங் செய்யலாமா? விடுமுறைக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நான்கு நாள் லீவ் சொல்லி, அந்தமானுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. பேக்கேஜில் 'ஸ்கூபா டைவிங்' என்று ஒரு வரி இருக்கிறது. "எனக்கு நீச்சலே தெரியாதே, சரிப்பட்டு வருமா?" என்பதுதான் பலரின் முதல் கேள்வி. அதைவிட முக்கியமான கேள்விகள் வேறு இரண்டு. உங்கள் காதும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன? ஊர் திரும்பும் விமானம் எத்தனை மணிக்கு?

நீச்சல் கட்டாயமா?

நீங்கள் எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

- ட்ரை டைவ்: ஸ்வராஜ் தீவு (ஹேவ்லாக்), கோவா, முருதேஷ்வர் அருகிலுள்ள நேத்ராணி போன்ற இடங்களில் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். முன் அனுபவமோ சான்றிதழோ வேண்டாம். நீச்சல் தெரியாதவர்களையும் பல மையங்கள் அழைத்துச் செல்கின்றன. அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். பயிற்றுநர் உங்களைவிட்டு நகரக் கூடாது.
- ஓபன் வாட்டர் கோர்ஸ்: பொதுவாக 3 முதல் 4 நாள் ஆகும். இதற்கு நீச்சல் கட்டாயம். பி.ஏ.டி.ஐ அமைப்பின் விதிப்படி 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். முடித்தால் சக டைவருடன் 18 மீட்டர் வரை இறங்கலாம்.
- அட்வான்ஸ்டு: 30 மீட்டர் வரை. பொழுதுபோக்கு டைவிங்குக்கு மொத்த எல்லையே 40 மீட்டர்தான்.

'ஃபன் டைவ்' என்று இருந்தால் கவனியுங்கள். அது சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கானது.

என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

ட்ரை டைவாகவே இருந்தாலும், ஆழத்துக்குப் போகும் முன் இடுப்பளவு தண்ணீரில் இந்த நான்கையும் பழகிவிடுங்கள்.

1. ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு வாய் வழியாக நிதானமாக மூச்சு விடுவது. அது வாயிலிருந்து நழுவினால் மீண்டும் எடுத்துப் பொருத்துவது.
2. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால், மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவது.
3. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, காதின் அழுத்தத்தைச் சமன்செய்வது. வலி வந்த பிறகு இல்லை, வரும் முன்பே. வலித்தால் இறங்குவதை நிறுத்திச் சற்று மேலே வாருங்கள்.
4. சைகைகள். கட்டைவிரலை உயர்த்தினால் நிலத்தில் 'சூப்பர்', தண்ணீருக்குள் 'மேலே போகணும்'. எல்லாம் சரி என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும்.

மூச்சை ஏன் அடக்கக் கூடாது?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அதாவது 10 மீட்டரில் இருக்கும் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரலை நிரப்பும் காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் நுரையீரலைக் கிழிக்கலாம். ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்திலேயே இந்த ஆபத்து உண்டு. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வது நம் இயல்பு. அதனால்தான் ஸ்கூபாவின் முதல் பாடமே 'மூச்சை நிறுத்தாதே'.

படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடலாமா?

கூடாது. ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, வலிப்பு, காது அல்லது நுரையீரல் சிகிச்சை எனப் பல கேள்விகள் அந்தப் படிவத்தில் இருக்கும். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவரின் கையெழுத்து கேட்கப்படலாம். படகுத்துறையில் நிற்கும்போது மருத்துவருக்கு எங்கே போவது? கட்டிய பணம் போய்விடுமே என்று பொய் சொல்லத் தோன்றுவது இந்த இடத்தில்தான். எனவே படிவத்தை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வாங்கி, ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிகள் டைவ் செய்யக் கூடாது. சளி பிடித்திருந்தால் காது அடைத்துக்கொள்ளும். மாத்திரை போட்டுச் சமாளிப்பதும் சரியல்ல, ஆழத்தில் இருக்கும்போதே அதன் வேலை முடிந்துவிடலாம்.

விமானத்துக்கு முன் எவ்வளவு இடைவெளி?

அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. அது வெளியேறும் முன் விமானம் ஏறினால், குறைந்த கேபின் அழுத்தத்தில் குமிழிகளாக மாறி மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோகலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை இது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம்.

கணக்குப் போடுங்கள். ஸ்ரீவிஜயபுரத்திலிருந்து (போர்ட் பிளேர்) காலை 9 மணிக்கு விமானம், நீங்கள் இரண்டு நாள் டைவ் செய்திருக்கிறீர்கள். கடைசி டைவ் முந்தைய நாள் பிற்பகல் 3 மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். ஸ்கூபாவைப் பயணத்தின் முதல் பாதியில் வைப்பது நல்லது. நேத்ராணியில் டைவ் முடித்து அன்றிரவே பெங்களூருக்குப் பஸ் ஏறுபவர்களும் கவனியுங்கள். அந்த ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று டைவ் மையத்திடம் கேளுங்கள்.

சான்றிதழ் ஏற்கெனவே இருந்தால்?

ஓபன் வாட்டர் கார்டு காலாவதி ஆகாது. பழக்கம் விட்டுப்போகும். ஆறு மாதம், ஒரு வருடம் இடைவெளி விழுந்திருந்தால் முதலில் ரெஃப்ரெஷர் செய்யுங்கள். கார்டில் 18 மீட்டர் என்று இருந்தால், 'வாங்க, பார்த்துக்கலாம்' என்று யார் கூப்பிட்டாலும் அதற்குக் கீழே போகாதீர்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

- பயிற்றுநருக்கு எந்த அமைப்பின் சான்றிதழ் இருக்கிறது, அது நடப்பில் உள்ளதா?
- தண்ணீருக்குள் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்?
- படகில் ஆக்சிஜன் கிட் உண்டா?
- வானிலை மோசமானால் பணம் திரும்பக் கிடைக்குமா?
- உங்கள் பயணக் காப்பீடு ஸ்கூபாவைச் சேர்த்திருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை? (இது காப்பீட்டு நிறுவனத்திடம்.)

டைவர்களிடையே ஒரு பொது விதி உண்டு. யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலேயே டைவை நிறுத்தலாம். படகில் டேங்க்கை மாட்டிய பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் 'இன்னைக்கு வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேலி செய்யும் மையத்தில் இறங்காமல் இருப்பதே நல்லது.