கீச்சுன்னு கத்திக்கிட்டு வந்த இண்டர்நெட்

இப்ப கம்மாக்கரையில நின்னுக்கிட்டே செல்போன்ல மல்லிகைப்பூ விலை பாக்குறேன். எங்க வீட்டுக்குள்ள முதல்முதலா இண்டர்நெட் வந்த கதை வேற.

நம்ம நாட்டுல பொதுமக்களுக்கு இண்டர்நெட்டை வி.எஸ்.என்.எல். திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-ல. அதுவும் சென்னை மாதிரி பெரிய நகரங்கள்லதான். உசிலம்பட்டிப் பக்கம் இருக்குற எங்க வீட்டுக்கு 2003-ல வந்துச்சு, லேண்ட்லைன் போன் வயர் வழியா.

மதுரையில டிப்ளமோ படிச்ச அண்ணன் மகன் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டாந்தான். விண்டோஸ் வாங்கக் காசில்ல. லினக்ஸ் சிடி போட்டான். 1991-ல பின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ்ங்கிற மாணவர் ஆரம்பிச்சது அது. யாரும் திறந்து பாக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் குடுக்கலாம். "நாட்டு விதை மாதிரி சித்தப்பா"ன்னான். எனக்குப் புரிஞ்சிருச்சு.

போன் வயர் மனுசப் பேச்சுக்காகப் போட்டது. கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது எண்கள் மட்டும். எண்ணைச் சத்தமாவும், சத்தத்தைத் திரும்ப எண்ணாவும் மாத்துறதுதான் மோடம்.

பால் காசுல, உள்ள மாட்டுற மலிவான மோடம் கார்டு ஒண்ணு வாங்குனோம். லினக்ஸ் அதைக் கண்டுக்கவே இல்ல. ஒரு வாரம் பய தூங்கல. அப்புறந்தான் விசயம் தெரிஞ்சது. அது 'வின்மோடம்' வகை. மோடம் செய்யவேண்டிய வேலையில பெரும்பகுதியைக் கம்ப்யூட்டர் தலையில கட்டி, சில்லுச் செலவை மிச்சம் பிடிச்சிருந்தாங்க. அந்த வேலையைச் செய்யிற டிரைவரை விண்டோஸுக்கு மட்டும் குடுத்தாங்க. உள்ளுக்குள்ள எப்படி ஓடுதுன்னும் வெளிய சொல்லல. மோட்டார் நம்மளுது, ஸ்டார்ட்டர் சாவி இன்னொருத்தன்கிட்ட!

கடைசியில மதுரையில பழைய சாமான் கடையில, வெளிய வச்சு வயர்ல சேக்குற சீரியல் மோடம் கிடைச்சது. 1981-ல ஹேய்ஸ் கம்பெனி தொடங்கிவச்ச 'ஏ.டி.' கட்டளைகள் அதுக்குப் புரியும். அந்தக் கட்டளைகள் ஊரறிஞ்ச ரகசியம். அதனால லினக்ஸ் ஒடனே பேசிருச்சு. 'டபிள்யூவி-டயல்'ங்கிற புரோகிராம் மோடத்தைத் தேடிப் பிடிச்சது. டயல் பண்ற நம்பர், யூசர் பேரு, பாஸ்வேர்டு மூணையும் எழுதுனான். டயல் பண்ணுச்சு. கீச்சு மூச்சுன்னு கத்தி ஓஞ்சது. அன்னைக்கு முதல்ல பாத்தது அவனோட பரிச்சை ரிசல்ட்டு. பாஸ்!

ஆனா நெட் ஓடுறப்ப போன் எங்கேஜ்டுதான். போடியில அத்தை தவறுன சேதி அப்படித்தான் எங்களுக்குத் தாமதமா வந்துச்சு. போன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, கடைசியில ஆள் அனுப்பியிருந்தாங்க. எடுக்குறதுக்குள்ள முகத்தைக்கூடப் பாக்க முடியல.

இதே மதுரை மாவட்டத்துல, மேலூர்ப் பக்கக் கிராமங்கள்ல 2001 வாக்குலயே வேற வழி வந்திருச்சுன்னு பிறகுதான் தெரிஞ்சது. சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்குன 'கார்டெக்ட்'. வீட்டுவரைக்கும் வயர் இல்ல, மோடமும் வேணாம். 35 கே.பி.பி.எஸ். வேகத்துல நெட் ஓடும்போதே போனும் பேசலாம். கிராமத்துக்கு என்ன தேவைன்னு யோசிச்சுச் செஞ்சது.

2005 ஜனவரியில பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் தொடங்குச்சு. அதுக்கப்புறம் போனையும் நெட்டையும் ஒரே வயர்ல ஒண்ணா வச்சுக்க முடிஞ்சது.

அந்தக் கார்டு எப்பவோ குப்பைக்குப் போயிருச்சு. சீரியல் மோடம் இன்னும் பரண்ல இருக்கு. சொட்டுநீர்க் குழாயோ, மருந்தடிக்கிற மெசினோ, எது வாங்கப் போனாலும் கடைக்காரர்கிட்ட முதல்ல கேக்குறது இதைத்தான்: "கெட்டுப்போனா நாங்களே திறந்து சரிபண்ண முடியுமாண்ணே?"