மேற்கோளும் நூற்பெயரும்: புறத்திரட்டு தரும் சான்று

மூவேந்தரைப் பாடும் முத்தொள்ளாயிரம் முழுமையாகக் கிடைத்திலது. எஞ்சிய நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்களுள் பெரும்பாலானவற்றைப் பேணித் தந்தது புறத்திரட்டு என்னும் தொகைநூல். அதனைத் தொகுத்தவர் பெயர் அறியப்படவில்லை. ஆயினும் அவர் எடுத்தாண்ட பாடல்களின் நூற்பெயரைக் குறித்துச் சென்றார். தகடூர் யாத்திரைப் பாடல்கள் பலவும் அக்குறிப்பாலேயே அடையாளம் பெற்றன. மாறாக, யாப்பருங்கல விருத்தியில் நூற்பெயரின்றி வரும் மேற்கோள்கள் பலவற்றின் மூலம் இன்றும் அறியக்கூடவில்லை. பாடல் எஞ்சியது; நூல் மறைந்தது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கருத்துத் திருட்டுக்குத் தண்டனை வகுத்து, முறையாகச் சான்று காட்டிய மேற்கோளை ஒப்புமைக் கணக்கினின்று விலக்குகிறது. எனினும், மாணவர் தண்டனைக்கு அஞ்சி மட்டும் அடிக்குறிப்பு இடுதல் போதாது; பின்வரும் ஆய்வாளர் மூலத்தை அடையும் வழி அதுவே.