உம்மையும் மறுப்பும் உச்சமும்

யான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்து ஒரு நாள், எட்டாம் வகுப்பின் தலைவன் என்னிடம் வந்து, "ஐயா, எல்லாரும் வீட்டுக்கணக்கு எழுதவில்லை" என்றான். ஒருவனும் எழுதவில்லை என்று பொருள் கொண்டேன். மாலை விளையாட்டு வேளையில் வகுப்பு முழுவதையும் அறையிலேயே இருத்திக் கணக்குப் போடச் செய்தேன். மறுநாள் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தபோதுதான், பதினொருவர் முன்னமே எழுதி முடித்திருந்தமை தெரிந்தது. தலைமையாசிரியரிடம் எதிர்த்துரைக்க அஞ்சி அவர்கள் வாளா இருந்துவிட்டனர். அப்பையன் கூற்றிற் பொய் இல்லை. பிழை என் செவியில் இருந்தது. அதே ஆண்டில் நன்னூல் பாடம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிதும் நாணந்தந்த பிழை.

ஏனெனில், இம்மயக்கத்தை நம் இலக்கணிகள் என்றோ கண்டிருக்கின்றனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்து இடையியல், 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று முற்று. 'எல்லாரும் வந்தனர்' என்றால் எஞ்சியவர் இல்லை. ஆயின் அம்முற்றும்மையே ஒரோவழி எச்சப்பொருள் தருதலும் உண்டு என்று அவ்வியலே மற்றொரு நூற்பாவில் உரைக்கின்றது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் அதனை வழிமொழிந்தார். 'பத்தும் கொடாதே' என்றால், சில கொடுக்கலாம் என்னும் பொருள் எஞ்சி நிற்கின்றது. மறுப்பு வந்து சேர்ந்தவுடன் முற்று உடைந்துபோகின்றது.

'எவரும் எழுதவில்லை' என்று அவன் சொல்லியிருப்பின் மயக்கத்திற்கே இடமில்லை. 'எல்லாரும்', 'எவரும்' ஆகிய இரண்டிலும் உம்மை ஒன்றே. மறுப்பின்முன் அவை நடக்கும் நடை வேறு.

இனி, அவ்வெட்டனுள் சிறப்பு என்பதனை நோக்குவோம். பிற்கால உரைகாரர் இதனை உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு என இருகூறாக்கினர். 'மிகக் கடினமான கணக்கையும் அவன் போடுவான்' என்கிறோம். ஒரு கணக்கைத்தான் சொன்னோம். எல்லாக் கணக்கும் போடுவான் என்பது கேட்போர்க்கு விளங்கிவிடுகின்றது. அவனையே இகழ வேண்டுமாயின், 'மிக எளிய கணக்கையும் போடமாட்டான்' என்கிறோம். இப்போது ஒரு கணக்கும் அவனுக்கு வாராது என்பது பொருள். உடன்பாட்டில் ஏணியின் மேற்படியைத் தொட்டால் ஏணி முழுதும் அடங்குகின்றது. எதிர்மறையிலோ அடிப்படியைத் தொடவேண்டும். மறுப்பு ஏணியைத் தலைகீழாகப் பிடிக்கின்றது. எள்ளளவும், இம்மியும், துளியும், ஒருவனும் என்பன போன்ற சொற்கள் 'இல்லை'யை நாடி நிற்பதன் காரணம் இதுவே. 'அவனிடம் எள்ளளவும் இரக்கம் உண்டு' என்று எவரும் சொல்லார்.

மேலைநாட்டிலும் இத்தகைய சொற்களின் வரலாறு சுவையானது. பிரெஞ்சு மொழியில் 'பா' என்பது காலடியைக் குறிக்கும் பெயர். ஓர் அடியும் நடவேன் என்னும் வழக்கிலிருந்து அது பெயர்ந்து, இன்று எல்லா வினைக்கும் பொதுவான மறுப்புச் சொல்லாகிவிட்டது. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஓட்டோ எஸ்பெர்சன் 1917இல் மறுப்பைப் பற்றி எழுதிய நூலில் இத்தகைய மாற்றங்களை ஆராய்ந்தார். மீமிகை அடைமொழிக்கும் இச்சொற்களுக்கும் உள்ள உறவைத் தெளிவாகப் பிடித்தவர் பிரான்சு நாட்டவரான ஜில் ஃபோக்கோனியே. மிகச் சிறியதை மறுத்தால் அனைத்தையும் மறுத்ததாகும் என்னும் ஏணிக் கணக்கை அவர் 1975இல் வகுத்துக் காட்டினார். இழிவு சிறப்பும்மை படித்தோர்க்கு அது முற்றும் புதிதன்று. ஆயினும் நம்மவர் பெயரிட்டு வகைப்படுத்தியதோடு நின்றனர். காரணத்தை வினவியவர் அவர். எல்லாம் நம்மிடம் முன்னமே உண்டு என்று மார்தட்டுவது எனக்கு உடன்பாடன்று.

பெயரொற்றுமை கண்டும் மயங்கலாகாது. நம் நூல்கள் கூறும் எதிர்மறை உம்மை வேறு. 'அவன் வருதற்கும் உரியன்' என்றால், வாராமைக்கும் உரியன் என்பது அதன் குறிப்பு.

தமிழில் மீமிகைக்கெனத் தனி விகுதி இல்லை. திராவிட மொழிகளில் ஒப்பீட்டு விகுதிகள் இல்லாமையைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். வடமொழியில் 'தம' என்னும் விகுதி உண்டு. நாம் கடன்கொண்ட 'உத்தமம்' அவ்விகுதி பெற்ற சொல்லே. தமிழர் என் செய்தனர்? ஐந்தாம் வேற்றுமையோடு உம்மையைக் கூட்டி, 'எவரினும் சிறந்தவன்', 'எதனினும் இனியது' என்றனர். சங்க காலத்தில் யாவரும், யாதும் என்பவை உடன்பாட்டிலும் தடையின்றி வழங்கின. இன்றோ 'யாரும் வந்தார்' என்பார் இல்லை. 'யாரும் வரவில்லை' என மறுப்பிலும், 'யாரும் வரலாம்' என இசைவிலும் அச்சொல் வாழ்கின்றது. ஒப்பீட்டிலும், 'யாரினும் உயர்ந்தவன்' என, அதற்கு இடம் உண்டு. ஆங்கிலத்தில் மறுப்பையும் வினாவையும் நாடும் 'எவர்' என்னும் சொல்லும், 'நான் படித்தவற்றுள் தலைசிறந்த நூல்' என்பது போன்ற மீமிகைத் தொடருள் இயல்பாக வந்தமர்கின்றது.

மறுப்புக்கும் உச்சத்துக்கும் என்ன உறவு? 1979இல் வில்லியம் லாடுசா என்னும் அமெரிக்கர் தம் ஆய்வேட்டில் ஒரு விடை தந்தார். 'ஊரில் எவரும் வரவில்லை' என்றால், நம் தெருவில் எவரும் வரவில்லை என்பதும் உண்மை. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கலாம். 'ஊரில் ஒருவர் வந்தார்' என்பதிலிருந்து அவ்வாறு இறங்க இயலாது. 'ஊரில் யாரினும் உயரமானவன்' என்றாலோ, தெருவில் யாரினும் உயரமானவன் என்பதும் பெறப்படும். இறங்குதற்கு இடந்தரும் தொடரே இச்சொற்களுக்கும் இடந்தரும் என்பது அவர் கொள்கை.

இதில் ஒரு முடிச்சும் உண்டு. பள்ளியிலேயே மிக உயரமானவன் எட்டாம் வகுப்பிலும் மிக உயரமானவன் என்று சொல்ல, அவன் எட்டாம் வகுப்பில் இருந்தாக வேண்டுமே! அதனை முன்னரே ஒப்புக்கொண்டு இறங்கினால் போதும் என்று கை வான் ஃபின்டெல் 1999இல் அக்கொள்கையைத் திருத்தினார்.

அப்பதினொருவரையும் மறுநாள் முதற் பாடவேளையில் விளையாட அனுப்பினேன். முதற் பாடவேளை இலக்கணம்.